யாழை மீட்ட அடிகளார்

பழுதுற்ற பொருள் ஒன்றைப் பழைய நிலைக்குக் கொணர்தல், புதிய பொருள் ஒன்றைச் செய்தலினும் அரிய செயலாகும். புதிதாகச் செய்பவர் தம் மனம் விரும்பியவாறு செய்யலாம். பழையதைச் செப்பனிடுபவரோ, அதனை முதன்முதலிற் செய்தவருடைய கருத்தை அறிந்து, அக்கருத்துக்கு அடங்கி நடத்தல் வேண்டும். இடிந்த மதிலைக் கட்டுவோர்க்கு எஞ்சிய மதில் வழிகாட்டும். நரம்பு அறுந்த வீணையைச் சீர்செய்வோர்க்கு அதன் குடமும் தண்டும் வழிகாட்டும். ஆனால், கருவி முழுவதும் மறைந்து, அதன் பெயரும் புலவர் கூறிய சில சொற்களும் மட்டுமே எஞ்சியிருப்பின், அதனை மீட்பது எங்ஙனம்? தமிழரின் பழம்பெருங் கருவியாகிய யாழ் அந்நிலையில்தான் இருந்தது. அதனை மீட்கும் பணிக்குத் தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளை அளித்த பெரியார் விபுலானந்த அடிகள் ஆவார்.

அடிகளார் இலங்கையின் கீழ்க்கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள காரைதீவு என்னும் ஊரில், 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பெயர் சாமித்தம்பி. தாயார் பெயர் கண்ணம்மை. பெற்றோர் தம் மைந்தருக்கு மயில்வாகனன் என்று பெயரிட்டனர். காரைதீவில் கண்ணகி அம்மன் கோயில் ஒன்று சிறப்புற விளங்குகின்றது. இளங்கோவடிகள் பாடிய கற்பரசியைத் தெய்வமாகப் போற்றும் வழக்கம் மட்டக்களப்பு நாட்டில் ஊர்தோறும் உண்டு. இங்ஙனம் சிலப்பதிகாரத்தின் தலைவியைக் கும்பிட்டு வளர்ந்தார் சிறுவர் மயில்வாகனனார். அவர் பிறந்த அதே 1892-ஆம் ஆண்டிலேதான் சென்னையில் டாக்டர் உ. வே. சாமிநாதையர், சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் முதன்முதலாக முழுமையாகப் பதிப்பித்து வெளியிட்டார். அந்நூலும் அவ்வுரையும் பிற்காலத்தில் அடிகளாருக்கு ஒப்பற்ற துணைகளாயின.

மயில்வாகனனார் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். பதினாறாம் வயதில், 1908-ஆம் ஆண்டில், கேம்பிரிட்சு மேனிலைத் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர்க் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியரானார். ஆயினும், அவருடைய அறிவு வேட்கை தணியவில்லை. கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து அறிவியல் கற்றார். பகலில் ஒலியும் ஒளியும் வெப்பமும் பற்றிய நூல்களைப் பயின்றவர், ஓய்ந்த வேளைகளில் தொல்காப்பியத்தையும் சங்க நூல்களையும் பயின்றார். 1916-ஆம் ஆண்டில் அறிவியலில் பட்டயம் பெற்றார்; அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். ஈழநாட்டினின்றும் அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர். 1920-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டமும் அவரை வந்தடைந்தது.

இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் வெள்ளம் பெருகுவது போல, அறிவியலும் தமிழும் அவரிடத்திற் கூடின. அக்காலத்தில் தமிழ்ப் புலவர் பலர் கணக்கையும் கருவிகளையும் அணுகுவதில்லை. அறிவியல் கற்றோர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒருசேரக் கற்றவர் ஒருவர் வரும் வரையில் யாழ் காத்திருந்தது என்றே கூறலாம்.

மயில்வாகனனார் யாழ்ப்பாணத்திலும் மானிப்பாயிலும் கல்லூரிகளிற் பணிபுரிந்த பின்னர், உலகப் பற்றைத் துறந்து 1922-ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரில் உள்ள இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-ஆம் ஆண்டில் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் பெற்றார். மீண்டும் ஈழம் சென்று, மடத்தின் பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் 1929-ஆம் ஆண்டில் சிவானந்த வித்தியாலயம் என்னும் பள்ளியை நிறுவினார். இவ்வாறு தொண்டிலும் கல்வியிலும் ஒருங்கே ஈடுபட்டிருந்த அடிகளாரைத் தில்லையம்பதி அழைத்தது.

இராசா சர் அண்ணாமலைச் செட்டியாரின் வள்ளன்மையால், சிதம்பரத்தின் கிழக்கே 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1931-ஆம் ஆண்டில் அடிகளார் அங்குத் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். சிதம்பரம் அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட அம்மாவட்டம் 1993-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது. அதுமுதல் இப்பகுதி கடலூர் மாவட்டம் என வழங்குகிறது. யாழை ஆராய்வார்க்கு இதனினும் பொருத்தமான நிலப்பகுதி வேறொன்று இல்லை. அதன் காரணத்தை அறிதல் வேண்டும்.

கடலூர் நகரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரில்தான் திருநாவுக்கரசர் கல்லைப் புணையாகக் கொண்டு கரையேறினார் என்பது வரலாறு. விருத்தாசலத்தை அடுத்த திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தோன்றினார். அவ்வூர் இக்காலத்தில் இராசேந்திரப்பட்டினம் எனப்படும். யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும் திருஞானசம்பந்தரை அடைந்து, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு இசைத்து, அவருடன் தலந்தோறும் சென்றனர் என்று பெரியபுராணம் கூறும்.

பின்னாளில் அப்பதிகங்கள் மக்கள் நினைவினின்றும் மறைந்தன. சோழவேந்தன் ஒருவன் அவற்றைக் காண விரும்பினான். அவன் முதலாம் இராசராசனே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையால், தில்லைக்கோயிலின் அறை ஒன்றில் ஏடுகள் பூட்டிக் கிடப்பது தெரிய வந்தது. அறையைத் திறந்தபோது ஏடுகளைச் செல்லரித்திருந்தது. புற்றின் மீது எண்ணெய் சொரிந்து, எஞ்சிய ஏடுகளை எடுத்தனர். பாடல்கள் கிடைத்தன, ஆனால், அவற்றைப் பாடும் முறை கிடைக்கவில்லை. அதனை அறிவதற்குத் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கண்டு, அவர்வழியே பண்களை வகுத்தனர் என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஏட்டை மீட்டது ஒரு பணி. இசையை மீட்டது மற்றொரு பணி. முதற்பணி தில்லையிலும் இரண்டாம் பணி எருக்கத்தம்புலியூரிலும் நிகழ்ந்தன. ஆயினும், மூன்றாம் பணி ஒன்று எஞ்சி நின்றது. அது, அவ்விசையை எழுப்பிய கருவியை மீட்டல். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னர் அதே தில்லைக்கு வந்த அடிகளார் அப்பணியை மேற்கொண்டார். அவர் அதற்கு முன்பே, ஆங்கில நாடகப் புலவர் சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து எழுதிய தம் நூலுக்கு மதங்கசூளாமணி என்னும் பெயரைச் சூட்டியிருந்தமை கருதத்தக்கது.

யாழ் என்பது வீணை அன்று. வீணையில் ஒரு தந்தியையே வெவ்வேறு இடங்களில் விரலால் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழிலோ ஒவ்வொரு நரம்பும் ஒவ்வோர் இசைக்கே உரியது. அதன் முதல் வடிவம் வேட்டுவனுடைய வில் என்பர். வில்லின் நாணைத் தெறித்தபோது எழுந்த ஒலி காதுக்கு இனிதாயிருக்க, ஒரு நாண் பல நரம்புகளாயிற்று. வில்லின் அடியில் ஒலியைப் பெருக்கும் குடம் பொருத்தப்பட்டது. இவ்வாறு யாழ் தோன்றியது. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றன. ஒலியைப் பெருக்கும் குடம் பத்தர் எனப்படும். அதன்மீது போர்த்திய தோல் போர்வை எனப்படும். பாம்பு தலையெடுத்தாற்போல் வளைந்து உயர்ந்த தண்டு கோடு எனப்படும். நரம்புகளைக் கோட்டோடு இறுக்கும் வார்க்கட்டு திவவு எனப்படும். சீறியாழுக்கு 7 நரம்புகள்; பேரியாழுக்கு 21 நரம்புகள். மகரயாழுக்கு 19 நரம்புகளும் சகோடயாழுக்கு 14 நரம்புகளும் உண்டென அடியார்க்குநல்லார் உரையால் அறிகிறோம்.

பழந்தமிழர் யாழ் செய்வதில் எத்துணை நுட்பம் உடையவராயிருந்தனர் என்பதற்குச் சீவகசிந்தாமணி சான்று பகரும். காந்தருவதத்தையின் இசைப்போட்டிக்குச் சென்ற சீவகன், தன்முன் வைத்த கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து ஒதுக்குகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று நொய்ந்தது. ஒன்றின் மரம் இடி விழுந்தது. ஒன்றின் மரம் தீப்பட்டது. நரம்பினுள் மயிர் கலந்திருப்பதும் அவனுக்குப் புலனாகிறது. மரத்தின் குற்றம் ஒலியின் குற்றமாகும் என்னும் உண்மையை அக்காலத்துப் புலவர் அறிந்திருந்தனர்.

இத்தகைய கருவி காலப்போக்கில் மறைந்தது. ஒரு சுரத்தினின்றும் மற்றொரு சுரத்திற்கு இழைந்து செல்லும் இசைமுறைக்கு வீணை மிகவும் ஏற்றதாயிருந்தது. அதனால் யாழ் கைவிடப்பட்டது. கருவி மறையவே அதனைச் செய்யும் தச்சரும் மறைந்தனர். இசைக்கும் பாணரும் மறைந்தனர். அடியார்க்குநல்லார் தம் உரைக்கு ஆதாரமாகக் கொண்ட இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலிய நூல்களும் அடிகளார் ஆராய்ந்த நாளில் கைக்கு எட்டவில்லை. யாழிசை மிகுதியும் வரும் கானல்வரிப் பகுதிக்கு அவ்வுரையாசிரியரின் உரையே கிடைக்கவில்லை. இறுதியில் யாழ் எது, வீணை எது என்னும் வேறுபாடும் மக்களுக்கு மயங்கியது.

அதே காலத்தில் மேலைநாட்டு அறிஞர் ஒருவரும் பழைய நரம்புக் கருவிகளை மீட்டார். சர் லியனார்டு வூலி என்பவர் 1922-ஆம் ஆண்டு முதல் ஈராக்கு நாட்டில் ஊர் என்னும் பழநகரை அகழ்ந்து வந்தார். அங்குள்ள அரசர் கல்லறைகளில் ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நரம்புக் கருவிகள் புதைந்திருந்தன. மரம் முழுவதும் மட்கி மண்ணாகியிருந்தது. ஆனால், மரம் இருந்த இடம் மண்ணினுள் வெற்றிடமாக நின்றது. வூலி அந்தத் துளையினுள் சுண்ணக் குழம்பை ஊற்றி இறுகவிட்டு, மறைந்த கருவியின் வடிவத்தை வெளியே எடுத்தார். அவருக்கு வெற்றிடமாவது கிடைத்தது. அடிகளாருக்குக் கிடைத்தவை சொற்களே. அச்சொற்களையே அச்சாகக் கொண்டு, கணக்கு என்னும் குழம்பை அவற்றில் ஊற்றினார் அவர்.

அவர் கொண்ட முறை எளியது, ஆனால் உறுதியானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலும் யாழின் இசையமைப்புச் சொல்லப்பட்டுள்ளது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசையின் தமிழ்ப்பெயர்கள். இவற்றுள் தாரத்தினின்று உழை பிறக்கும். உழையினின்று குரலும், குரலினின்று இளியும், இளியினின்று துத்தமும், துத்தத்தினின்று விளரியும், விளரியினின்று கைக்கிளையும் முறையே பிறக்கும் என்பது பழைய இலக்கணம். பலர் இதனைப் பொருள் விளங்காத வாய்பாடாக ஓதி வந்தனர். ஒலியியல் கற்ற அடிகளாருக்கோ இது கணிதமாகத் தோன்றியது.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். ஒரே பருமனும் ஒரே இறுக்கமும் உடைய நரம்புகளை எடுத்துக்கொள்வோம். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் அதிர்வு இருமடங்காகும். அதே இசை ஒரு தானம் மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதிர்வு ஒன்றரை மடங்காகும். குரலுக்கு இளி அதுவே. குரல் நரம்பு 36 விரல் நீளம் என்று கொண்டால் இளி நரம்பு 24 விரல் ஆகும். 24-இல் மூன்றில் இரண்டு பங்கு 16. அதனைத் தானத்திற்குள் கொணர இரட்டித்தால் துத்தம் 32 விரல். இவ்வாறே விளரி 21⅓ விரலும், கைக்கிளை 28 4/9 விரலும் ஆகும். உழையின் மூன்றில் இரண்டு பங்கு மேல்தானக் குரலாகிய 18 விரலுக்குச் சமமாதலால் உழை 27 விரல். அம்முறையே தாரம் 20¼ விரல். ஏழு நரம்புகளையும் இந்நீளங்களில் வரிசையாக நிறுத்தினால், படிப்படியாகக் குறுகிவரும் யாழின் நரம்பு வரிசை கண்முன் தோன்றும். பழம்புலவர் கூறிய பிறப்பு முறை வெறுஞ்சொல் அன்று. கருவி செய்வோனுக்கு உரிய அளவுக் குறிப்பே என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஒன்றரை மடங்கு என்னும் அளவில் பன்னிருமுறை ஏறினால், தொடங்கிய இசைக்கே ஏழு தானம் மேலே வந்து சேரவேண்டும். ஏழு தானம் என்பது 128 மடங்கு. ஆனால், கணக்கு ஏறத்தாழ 129¾ மடங்கு என்று காட்டும். இச்சிறு வேறுபாட்டைக் காது உணரும். ஆதலின் இசைகளுக்கிடையே உள்ள தொலைவை நுண்ணியதாக அளத்தல் வேண்டும். பழந்தமிழர் அவ்வளவை அலகு என்றனர். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என ஆக 22 அலகுகள் உரைகளிற் கூறப்பட்டுள்ளன. இவ்வலகுகளின் நிலையை அடிகளார் எண்களால் கணித்தார். முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில் இத்துறையிற் பெரிதும் உழைத்திருந்தார். அடிகளார் அவ்வழியிற் சென்று, தாம் கண்ட முடிபுகளைத் தனியே நிறுவினார்.

நூலறிவில் மூழ்கியிருந்தபோதும் அடிகளார் தம்மைச் சுற்றியிருந்த மக்களை மறந்தாரல்லர். பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில், கல்வி மறுக்கப்பட்டிருந்த எளிய மக்கள் வாழ்ந்த பகுதிக்குச் சென்று அவர்களுக்குக் கல்வி அளிக்கும் பணியிலும் ஈடுபட்டார். மறைந்துபோன யாழுக்காக வருந்திய உள்ளம், மறுக்கப்பட்ட கல்விக்காகவும் வருந்தியது.

1933-ஆம் ஆண்டில் அடிகளார் அண்ணாமலை நகரை விட்டு ஈழம் திரும்பினார். அதன்பின் அவர் ஓரிடத்தில் நிலைத்திருக்க இயலவில்லை. பள்ளிப் பணிகள் அவரை அழைத்தன. 1936-ஆம் ஆண்டில் சென்னையில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதி என்னும் இடத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் விளங்கினார். 1943-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனை பணிகளுக்கு இடையிலும் யாழாராய்ச்சி அவருடன் சென்றது. தில்லையில் எடுத்த கணக்கை இமயத்திலும் தொடர்ந்தார். இமயத்தில் எழுந்த ஐயத்தைக் கொழும்பில் தீர்த்தார். காலம் செல்லச்செல்ல அவருடைய உடல் நலிந்தது. நூல் முற்றுப்பெறுமா, உடல் முந்துமா என்று அன்பர்கள் கவலையுற்றனர்.

பல்லாண்டு உழைப்பின் பயனாக யாழ்நூல் நிறைவெய்தியது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு இயல்களை உடையது அந்நூல். ஏழு நரம்புக்கு ஏழு இயல் என்று கூறுமாறு அது அமைந்தது. யாழின் உறுப்புகளில் தொடங்கி, நரம்புகளின் அளவையும், பாலைகளின் வேறுபாட்டையும், பண்களின் இயல்பையும், தேவாரத்தின் இசையையும் அது முறையே ஆராய்கின்றது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட முன்வந்தது.

நூலின் அரங்கேற்றம் 1947-ஆம் ஆண்டு சூன் திங்கள் 5, 6 ஆகிய நாள்களில், குடவாசலை அடுத்த திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நிகழ்ந்தது. முன்னொரு நாள், வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடத்தைச் செலுத்துவார் இல்லாதபோது, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அதனை அக்கரை சேர்த்த தலம் அது. பாட்டே துடுப்பாக நின்ற ஊரில், பாட்டுக்குத் துணைநின்ற யாழ் மீண்டும் கரையேறியது. அடிகளாரின் கணக்கின்படி அமைக்கப்பெற்ற இசைக்கருவிகள் அவைக்குக் கொண்டுவரப்பட்டன. இசைப்புலமை மிக்க க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டி இசைத்தார். நூற்றாண்டுகள் பலவாக ஏட்டில் எழுத்தாய் மட்டும் உறங்கிய யாழ், அன்று மக்கள் செவியில் ஒலியாயிற்று.

அவ்வொலி அடங்கிச் சில வாரங்களுக்குள் அடிகளார் நோயுற்றார். அரங்கேற்றம் நிகழ்ந்த 44-ஆம் நாள், 1947-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள், கொழும்பு நகரில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 55. அவருடைய உடல் மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அப்பள்ளிக்கு அணித்தே மட்டக்களப்பு வாவி பரந்து கிடக்கிறது. நிலவு காயும் இரவுகளில் அந்நீர்ப்பரப்பினின்று இனிய ஓசை எழும் என்று அந்நாட்டார் கூறுவர். அவ்வோசையை நீரரமகளிரின் பாட்டாகக் கருதி அடிகளாரே கவி பாடியுள்ளார். இன்னொலி எழுவதாகச் சொல்லப்படும் அந்த நீரின் அருகிலேயே, இசையின் இலக்கணம் கண்டவர் துயில் கொண்டார்.

அடிகளார் கண்ட முடிபுகள் அனைத்தையும் பின்வந்த அறிஞர் அப்படியே ஏற்றனர் என்று கூறுதற்கில்லை. சிலர் சிலவற்றை உடன்பட்டனர். சிலர் சிலவற்றை மறுத்தனர். மறைந்த கருவியின் உண்மை ஒலியைக் கேட்ட காது இன்று எதுவும் இல்லையாதலின், அவ்வேறுபாடு இயல்பே. ஆனால், மறுப்போரும் யாழ்நூலைக் கற்ற பின்னரே மறுத்தல் வேண்டும் என்னும் நிலையை அடிகளார் உண்டாக்கினார். கற்பனையாற் சொல்லாமல், சொல்லுக்கு நூற்சான்றும் அளவுக்குக் கணக்கும் காட்டிச் சென்றமையால், அவர் பிழைபட்ட இடம் உளதாயின் அதனைத் திருத்துதற்குரிய கருவியும் அவர் நூலிலேயே உள்ளது. செப்பனிடுவோர்க்கு உரிய நேர்மை இதுவே. இந்நூற்றாண்டில் இளைஞர் சிலர் மீண்டும் யாழ் செய்து இசைக்க முற்பட்டுள்ளனர். அடிகளாரின் பெயரால் மட்டக்களப்பில் இசையும் நடனமும் பிற கலைகளும் கற்பிக்கும் நிறுவகம் ஒன்று நடைபெறுகின்றது.

யாழின் வரலாற்றில் உள்ளத்தை உருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருத்தருமபுரத்தில் திருஞானசம்பந்தர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடினார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் எத்துணை முயன்றும் அதனைத் தம் நரம்புகளில் இசைக்க இயலவில்லை. தம் கருவியால் பயனில்லை என்று வருந்தி, அதனை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அவரைத் தடுத்து யாழை வாங்கினார். இறைவன் புகழ் எந்தக் கருவியிலும் முழுதும் அடங்குவது அன்று என்று தேற்றி, கருவியில் வந்த அளவு வாசிக்குமாறு கூறித் திருப்பிக் கொடுத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அன்று சம்பந்தர் யாழை யாழ்ப்பாணர் கையினின்று காத்தார். காலத்தின் கையினின்று அதனைக் காப்பார் எவரும் இல்லை. உடைந்து மறைந்த அக்கருவியைச் சொல் சொல்லாகவும் விரல் விரலாகவும் தேடி எடுத்து, வந்த அளவு இசைக்குமாறு தமிழுலகின் கையில் மீண்டும் கொடுத்தவர் விபுலானந்த அடிகளார். பழையது பழுதுற்றது என்று எறிதல் எளிது. அதன் பொருளை உணர்ந்து பொறுமையோடு செப்பனிடுதல் அரிது. அவ்வருஞ்செயலைத் தம் உடல் தளரும் வரையிலும் செய்து முடித்த அடிகளாரின் வாழ்க்கை, கற்போர் உள்ளத்தில் நரம்பின் ஒலிபோல் நெடிது நிற்பதாகும்.